1993 கொரோலா, கசட் செட், எம்பி3 பிளேயர்: இணைப்பதற்கு எது நல்ல வழி?

கேள்வி, 2024 ஜூன் 9 (திருகோணமலை, உவர்மலை வாசகர்)

என்னிடம் இருப்பது 1993 ஆம் ஆண்டு ஜப்பானில் உற்பத்தியான கொரோலா. அங்கிருந்து வந்தபோது இருந்த கசட் செட்தான் இன்றும் அதில் இருக்கிறது. எம்பி3 பிளேயர் ஒன்றை அதனுடன் இணைக்க வேண்டும், ஆனால் செட்டின் முகப்பில் வயர் செருகும் துளை எதுவும் இல்லை. பிளேயரின் பாட்டைச் சிறு வானொலி நிலையம் போலச் செட்டுக்கு அனுப்பும் எஃப்எம் ட்ரான்ஸ்மிட்டர் ஒன்றை வாங்கி லைட்டர் துளையில் செருகினால் போதும் என்கிறார் கடைக்காரர். போதுமா?

ஜூன் 9, இரவு

போதும். உப்புவெளியிலிருந்து நகரத்துக்கு நாள்தோறும் போய்வரும் என் வானில் இரண்டு வருடங்களாக அதைத்தான் பாவிக்கிறேன். நிலையம் எதுவும் ஒலிக்காத ஓர் அலைவரிசையை ட்ரான்ஸ்மிட்டரிலும் செட்டிலும் ஒன்றாக வைத்து, பிளேயரின் ஒலியை முழுதாகக் கூட்டிவிட்டு, செட்டில் குறைத்துக் கேட்டால் வேலை முடிந்தது.

ஜூன் 10, காலை

நேற்றிரவு அவசரப்பட்டுவிட்டேன். என் வானில் இருப்பது பிற்காலத்தில் கொழும்பில் வாங்கிப் பொருத்திய செட். கேள்வி கேட்டவரிடம் இருப்பதோ ஜப்பானியர் தங்கள் நாட்டுப் பாவனைக்காகச் செய்த செட். ஜப்பானில் எஃப்எம் வானொலிக்கு ஒதுக்கப்பட்டிருந்தது 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரையான பகுதி மட்டுமே. அதற்கு மேலே 108 வரை அங்கே தொலைக்காட்சியின் முதல் மூன்று சனல்கள் இருந்தன. 2011, 2012 இல் அனலொக் தொலைக்காட்சியை நிறுத்திய பிறகுதான் 95 வரையான பகுதி வானொலிக்குத் திறக்கப்பட்டது. ஆகவே 1993 ஆம் ஆண்டின் செட் 90க்கு மேலே எதையும் பிடிக்காது. நம் கடைகளில் கிடைக்கும் ட்ரான்ஸ்மிட்டரோ 87.5 இலிருந்துதான் தொடங்குகிறது. இரண்டுக்கும் பொதுவாக எஞ்சுவது இரண்டரை மெகாஹேர்ட்ஸ் அகலமான ஓர் ஒழுங்கை. அதற்குள் ஏற்கெனவே எந்த நிலையமும் குடியிருக்கக்கூடாது.

கடைக்காரரிடம் பணம் கொடுப்பதற்கு முன்னர் செட்டின் குமிழியைக் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். இலக்கம் 90 இல் நின்று மறுபடி 76க்குத் திரும்பினால் நான் சொல்வது சரி.

ஜூன் 10, மாலை

ஒருவர் குறுக்கிட்டு, தன் காரும் ஜப்பானியக் கார்தான், ஆனால் உள்ளூர் நிலையங்கள் எல்லாம் கேட்கின்றனவே என்று எழுதியிருக்கிறார். அவருடைய செட்டின் பின்னால், அன்டெனா வயருக்கும் செட்டுக்கும் நடுவில், தீப்பெட்டி அளவில் ஒரு கன்வேர்ட்டர் தொங்கிக்கொண்டிருக்கும். அது வருகிற அலைவரிசைகள் அனைத்தையும் குறிப்பிட்ட ஓர் அளவு கீழே இறக்கிக் கொடுக்கிறது. பன்னிரண்டு மெகாஹேர்ட்ஸ் இறக்கும் வகையாக இருந்தால், 98 இல் ஒலிபரப்பாகும் நிலையம் செட்டில் 86 இல் கேட்கும். 102க்கு மேலுள்ளவை அப்போதும் எட்டாது. கன்வேர்ட்டர் இருக்கும் காரில் ட்ரான்ஸ்மிட்டருக்கும் இடம் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் திரையில் தெரியும் இலக்கத்துடன் பன்னிரண்டைக் கூட்டிக் கணக்குப் பார்த்தபடி வண்டி ஓட்ட வேண்டியிருக்கும்.

ஜூன் 16

என் மாமாவிடம் இதே வகைக் காரொன்று பாலையூற்றில் நிற்கிறது. கன்வேர்ட்டர் இல்லை, செட்டும் ஜப்பானியச் செட்தான். எழுதுவதை விடச் செய்து பார்ப்பது நல்லது என்று இன்று அதை எடுத்துக்கொண்டு நிலாவெளி வரை போய்வந்தேன்.

88.3 இல் வைத்தேன். வீட்டு வாசலில் நன்றாக ஒலித்தது. அநுராதபுரச் சந்தியில் வாகனங்கள் நெருங்கி நின்றபோது என் பாட்டு அறுந்துபோய், சிங்களப் பைலா ஒன்று கைதட்டலுடன் காருக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. பக்கத்தில் நின்ற வானின் சாரதியும் என்னைப் போலவே ட்ரான்ஸ்மிட்டர் வைத்திருந்தார் என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் தெரியவில்லை. ஒரே அலைவரிசையில் இரண்டு எஃப்எம் சமிக்ஞைகள் வந்தால் ரேடியோ அவற்றைக் கலந்து கொடுப்பதில்லை. வலிமையானதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை அமுக்கிவிடும். என்னுடைய ட்ரான்ஸ்மிட்டர் டாஷ்போர்டுக்கு அடியில், சுற்றிலும் தகரத்துக்குள் இருக்கிறது. அவருடையது கண்ணாடி வழியாக என் அன்டெனாவை நேரே பார்த்துக்கொண்டிருந்தது. சொந்தக் காருக்குள்ளேயே நான் தோற்றுப்போனேன்.

சாம்பல்தீவுப் பாலம் கடந்ததும் வேறு விதமான தொல்லை. நகரத்துக்குள் வெறுமையாக இருந்த இடத்தில் தொலைதூர நிலையம் ஒன்று மெல்லிய சீறலாக ஏறத் தொடங்கியது. நிலாவெளியில் நிறுத்தி இலக்கத்தை மாற்றினேன்; திரும்பி வரும்போது அதையும் மாற்ற வேண்டியதாயிற்று.

ஆகவே ஜூன் 9 ஆம் திகதி எழுதிய "போதும்" என்ற சொல்லை முழுதாக மீளப் பெறுகிறேன். பிளேயரின் ஒலியை முழுதாகக் கூட்டச் சொன்னதும் பிழை. முழுதாகக் கூட்டினால் ட்ரான்ஸ்மிட்டர் தாங்காமல் "ச", "ஷ" ஒலிகள் உடைந்து கரகரக்கின்றன. முக்கால் பங்கு போதும்.

ஜூன் 23

செட்டில் கசட் வாய் இருக்கும்போது காற்று வழியாகப் பாட்டை அனுப்ப வேண்டிய அவசியமே இல்லை. கசட் வடிவில் ஒரு அடாப்டர் இருக்கிறது. அதிலிருந்து புறப்படும் வயரைப் பிளேயரில் செருகினால் போதும். இதைத்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். நகரத்தில் கடை கடையாக ஏறி இறங்கினேன். இளைய தலைமுறைக் கடைக்காரர்களுக்கு நான் கேட்டது என்னவென்றே விளங்கவில்லை. கடைசியில் ஒரு பழைய கடையின் மேல்தட்டில், தூசி படிந்த பெட்டிக்குள் இரண்டு கிடந்தன. இரண்டையும் வாங்கினேன்.

அதன் வேலை மிக எளிது. கசட்டில் நாடா இருக்க வேண்டிய இடத்தில் சிறு காந்தத் தலை ஒன்று இருக்கிறது. பிளேயரிலிருந்து வரும் மின்சாரம் அந்தத் தலையில் மாறிக்கொண்டேயிருக்கும் காந்தப் புலமாகிறது. எதிரே தொட்டுக்கொண்டிருக்கும் செட்டின் தலை, நாடாதான் ஓடுகிறது என்று நம்பி அதை ஒலியாக மாற்றுகிறது. இடையில் வானொலியே இல்லாததால் பைலாவும் வர வழியில்லை.

வந்தது வேறு. மாமாவின் செட் தானாகத் திரும்பும் வகை. கசட்டின் சில்லுகள் சுழல்கின்றனவா என்று அது பார்த்துக்கொண்டேயிருக்கும்; சுழற்சி நின்றால் நாடா முடிந்துவிட்டது என்று எண்ணி மறுபக்கம் திரும்பும். அடாப்டருக்குள் இருக்கும் சிறிய பல்சக்கரங்கள் அதை ஏமாற்றுவதற்காகவே வைக்கப்பட்டவை. ஆனால் பல வருடம் தட்டில் கிடந்த அடாப்டரில் அவை இறுகிப்போயிருந்தன. ஆகவே நான்கு விநாடி பாட்டு, ஒரு "டக்", நான்கு விநாடி நலிந்த ஒலி, மறுபடியும் ஒரு "டக்". மறுபக்கம் திரும்பும்போது செட் வேறு இரண்டு தடங்களைப் படிக்கிறது, அடாப்டரின் தலை அங்கே இல்லை. ஒலி நலிவதற்குக் காரணம் அதுதான்.

ஐந்து திருகாணிகளைக் கழற்றி, சக்கரங்களைத் துடைத்து, தையல் இயந்திர எண்ணெயில் ஊசிமுனை அளவு தொட்டு வைத்த பிறகு சீராக ஓடுகிறது. செட்டின் தலையையும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தேன். பஞ்சு பலாச்சுளை நிறத்தில் வெளியே வந்தது.

ஜூன் 24

பலாச்சுளை நிறமல்ல, தேயிலைச் சாய நிறம் என்று மாமா திருத்துகிறார். அவருடைய கார், அவருடைய அழுக்கு, ஏற்றுக்கொள்கிறேன்.

ஜூலை 7

கந்தளாயிலிருந்து ஒருவர் விநோதமான முறைப்பாடு ஒன்றை எழுதியிருக்கிறார். பிளேயரை வயர் மூலம் இணைத்தால் மேளமும் வயலினும் கேட்கின்றனவாம், பாடகரின் குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் இருக்கிறதாம். பிளேயர் பழுது என்று புதிதாக ஒன்று வாங்கியும் அதே நிலை.

பிளேயரில் பழுது இல்லை. 3.5 மில்லிமீற்றர் முள்ளின் நுனியில் இடப்பக்க ஒலி, நடு வளையத்தில் வலப்பக்க ஒலி, அடிப்பகுதியில் இரண்டுக்கும் பொதுவான எர்த். அந்த எர்த் எங்காவது விட்டுப்போனால் மின்சாரம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்தின் ஊடாகத் திரும்பிப் போகிறது. அப்போது இரண்டு பக்கங்களுக்கும் இடையிலான வித்தியாசம் மட்டுமே ஒலிக்கும். பாடகரின் குரலை ஒலிப்பதிவில் வழக்கமாக நடுவில், இரு பக்கத்திலும் சமமாக வைக்கிறார்கள். ஆகவே வித்தியாசம் எடுக்கும்போது குரல் தன்னைத் தானே அழித்துக்கொள்கிறது. ஓரமாக வைக்கப்பட்ட வாத்தியங்களே தப்புகின்றன. முள்ளின் கழுத்தருகே வயரை மெல்ல வளைத்துப் பாருங்கள். ஒரு கோணத்தில் பாடகர் திரும்பி வருவார்.

(ஜூலை 8: வந்துவிட்டாராம்.)

ஜூலை 28

கச்சான் காற்று வீசும் இந்த நாட்களில், மதியம் காரை வெயிலில் நிறுத்திவிட்டு வந்தால் ஸ்டியரிங்கைத் தொட முடியாது. அடாப்டரை செட்டுக்குள் விட்டுவிட்டுக் கோணேசர் கோயிலுக்குப் போயிருந்தோம். ஒன்றரை மணித்தியாலம் கழித்து வந்து பார்த்தபோது அதன் ஓரம் அப்பளம் போல வளைந்து, வெளியே எடுக்க முடியாமல் செட்டின் வாயைக் கவ்விக்கொண்டிருந்தது. மாமா ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாதபோதுதான் பயப்பட வேண்டும்.

கசட் அடாப்டரைப் பரிந்துரைத்ததை மீளப் பெறவில்லை. காரை விட்டு இறங்கும்போது கையோடு எடுத்துச் செல்ல வேண்டும் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆகஸ்ட் 4

சிக்கிய அடாப்டரை எடுக்க எப்படியும் செட்டைக் கழற்ற வேண்டியிருந்தது. கழற்றியது கழற்றியதுதான் என்று, வயரிங் பாஸ் ஒருவரிடம் கொண்டுபோய், செட்டுக்கு உள்ளேயே ஒரு துளை வைக்க முடியுமா என்று கேட்டேன்.

பின்பக்கத்தில் சீடி சேஞ்சருக்கான (பல சீடிகளை மாற்றி மாற்றிப் போடும் பெட்டிக்கான) துளை இருந்தால் அதிலேயே நேராக வயரைக் கொடுக்கலாமே என்று இங்கே இருவர் எழுதியிருந்தார்கள். அவ்வளவு எளிதல்ல, சேஞ்சர் தான் அங்கே இருப்பதாக செட்டுக்கு இலத்திரனியல் மொழியில் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் செட் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காது. மாமாவின் செட்டில் அந்தத் துளையும் இல்லை.

பாஸ் செய்தது இது. கசட் தலையிலிருந்து வரும் நுண்ணிய சமிக்ஞையைப் பெரிதாக்கும் பகுதிக்கும், ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் பகுதிக்கும் இடையில் ஓடும் இரண்டு பாதைகளைக் கண்டுபிடித்து, அந்த இடத்தில் பக்கத்துக்கு ஒரு கப்பாசிட்டராகப் பத்து மைக்ரோஃபரட்டில் இரண்டு வைத்து, பிளேயரின் வயரை ஈயத்தால் பற்றவைத்தார். ஏதாவது ஒரு கசட்டைப் போட்டால் செட் கசட் நிலைக்கு மாறும்; பிளேயரின் பாட்டும் அந்த வழியாகவே வெளியே வரும். பெரிதாக்கும் பகுதிக்கு முன்னால் கொடுத்திருந்தால் ஒலி வெடித்திருக்கும், ஏனென்றால் கசட் தலை கொடுப்பது ஆயிரத்தில் ஒரு பங்கு வோல்ட் அளவே.

வீட்டுக்கு வந்து, டாஷ்போர்டின் பெட்டிக்குள் கிடந்த ஒரு கசட்டைப் போட்டு, பிளேயரைச் செருகினேன். இத்தனை காலமும் அந்த ஸ்பீக்கர்களில் இப்படியொரு தெளிவைக் கேட்டதில்லை.

ஆகஸ்ட் 5

தெளிவுக்கு அடியில் வேறு எதுவோ ஒலிக்கிறது. பாட்டு நிற்கும் இடைவெளிகளில் மிக மெல்லிதாக நாதஸ்வரமும் தவிலும் கேட்கின்றன. முதலில் பக்கத்துக் கோயில் என்று நினைத்தேன். காரை வேறு தெருவுக்குக் கொண்டுபோனேன். கோயிலும் கூடவே வந்தது.

நான் போட்ட கசட் மாமாவின் கல்யாண வீட்டில் பதிவு செய்தது. பிளேயரின் பாதை சேர்க்கப்பட்டதே தவிர கசட்டின் பாதை துண்டிக்கப்படவில்லை. இரண்டும் கலந்து வருகின்றன. முள்ளைச் செருகும்போது உள்ளிருக்கும் தகடு விலகிப் பழைய பாதையைத் துண்டிக்கும் வகையான துளை கடையில் கிடைக்கிறது. அதைப் பொருத்தியிருக்க வேண்டும், அல்லது எதுவும் பதியாத வெற்றுக் கசட்டைப் பாவிக்க வேண்டும். இதை அழித்துவிடலாமா என்று மாமாவிடம் கேட்டேன். "மருமகன், அதில் தவில் வாசித்தவர்களில் ஒருவரும் இப்போது இல்லை," என்றார். அழிக்கவில்லை. துளையை மாற்றினோம்.

செப்டெம்பர் 15

பிளேயரின் பற்றரி பலவீனமாகிவிட்டதால், லைட்டர் துளையிலிருந்து சார்ஜ் செய்துகொண்டே கேட்கத் தொடங்கினேன். அன்றிலிருந்து ஓர் ஊளை. எஞ்சின் மெதுவாக ஓடும்போது தாழ்ந்தும், வேகமெடுக்கும்போது உயர்ந்தும், நுளம்பு காதருகே சுற்றுவது போல.

இது டைனமோ என்று நாம் சொல்லும் ஆல்டர்னேட்டரின் குரல். அது உண்டாக்கும் மின்சாரத்தை டயோட்கள் ஒரே திசையாக்கினாலும் சிறு அலை எஞ்சியிருக்கும்; எஞ்சின் வேகத்துடன் அந்த அலையின் சுருதியும் ஏறும். சார்ஜரைக் கழற்றியதும் ஊளை நின்றது. பிளேயருக்கு இப்போது சார்ஜர் வழியாக ஓர் எர்த், ஒலி வயர் வழியாக இன்னோர் எர்த். இரண்டும் காரின் உடலில் வெவ்வேறு இடங்களில் சேர்வதால் அவற்றுக்கிடையே ஓடும் மின்சாரம் பாட்டின் மேல் ஏறிவிடுகிறது. இதற்கென்று சிறிய ட்ரான்ஸ்ஃபோர்மர்கள் இரண்டு அடங்கிய ஐசொலேட்டர் விற்கிறார்கள். ஒலி வயரின் நடுவில் வைத்தால் எர்த் தொடர்பு அறுந்து ஒலி மட்டும் தாவிப் போகும். வாங்கினேன். ஊளை போனது. தவிலின் அடித்தொனியிலும் கொஞ்சம் போனது. மலிவான ட்ரான்ஸ்ஃபோர்மர் அடித்தொனியைத் தாங்காது.

ஒக்டோபர் 13

ஐசொலேட்டரைக் கழற்றிவிட்டேன். நான் நோய்க்கு மருந்து கொடுக்காமல் காய்ச்சலுக்குக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

நேற்று தற்செயலாக அன்டெனா முள்ளைச் செட்டின் பின்னாலிருந்து பிடுங்கியபோது திரையின் வெளிச்சம் மங்கியது. அன்டெனாவுக்கும் வெளிச்சத்துக்கும் என்ன தொடர்பு? மீற்றரை எடுத்து, செட்டின் உடலுக்கும் பற்றரியின் மறை முனைக்கும் இடையில் அளந்தேன்: செட் ஒலித்துக்கொண்டிருக்கும்போது 0.6 வோல்ட். ஒழுங்கான எர்த் இருந்தால் அந்த இடத்தில் ஏறத்தாழ ஒன்றும் இருக்கக்கூடாது. செட்டின் பின்னாலுள்ள தகட்டைக் காரின் உடலுடன் பிணைக்கும் திருகாணியைக் கழற்றினேன். தலை பளபளப்பாகத்தான் இருந்தது. தண்டு முழுவதும் செங்கல் பொடி போலத் துரு, எர்த் வயரின் செம்பு வளையத்தில் பாசி நிறக் களிம்பு. முப்பது வருடக் கடற்காற்று. எர்த் போக வழியில்லாமல் செட்டின் மின்சாரம் அன்டெனா வயரின் உறை வழியாகவும் என் பிளேயரின் வயர் வழியாகவும் வீடு திரும்பிக்கொண்டிருந்திருக்கிறது.

சான்ட் பேப்பரால் வெள்ளைத் தகரம் தெரியும்வரை தேய்த்து, புதிய திருகாணி போட்டு, மேலே கிறீஸ் பூசினேன். மீற்றர் 0.02 காட்டியது. சார்ஜரைச் செருகினேன். காதை ஸ்பீக்கரில் வைத்துத் தேடினால்தான் ஊளை கேட்கிறது.

திருகோணமலையில் கார் வைத்திருப்பவர்கள் எதையும் வாங்குவதற்கு முன்னர் இந்த ஒரு திருகாணியைப் பார்த்துவிடுங்கள். என் பட்டியலில் இது கடைசியில் வந்தது. முதலில் வந்திருக்க வேண்டும்.

டிசம்பர் 8

மழைக்காலம், கார் ஓடவில்லை. மாமாவின் கல்யாணக் கசட்டைக் கணினியில் பதிந்து பிளேயரில் ஏற்றினேன்.

2025 பெப்ரவரி 16

2020 மார்ச் முதல் நிறுத்தப்பட்டிருந்த வாகன இறக்குமதி இந்த மாதம் திறக்கப்பட்டதையடுத்து, பழைய செட்டுடன் ஏன் மல்லுக்கட்ட வேண்டும், செட்டையாவது மாற்றுங்கள் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். மாற்றலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: டொயோட்டாவின் அகலமான இடம் 200 மில்லிமீற்றர், வெளியே விற்கும் செட்கள் ஏறத்தாழ 180, இரு ஓரத்திலும் ஒவ்வொரு விரல் இடைவெளி விழும், அதற்கான சட்டத்தையும் சேர்த்து வாங்க வேண்டும். மாமாவிடம் இந்தப் பேச்சை எடுக்கப் போவதில்லை.

பெப்ரவரி 23

உவர்மலை வாசகர் எட்டு மாதங்களுக்குப் பிறகு எழுதியிருக்கிறார். காப்புறுதிக் கடதாசியைத் தேடுவதற்காக இடப்பக்க இருக்கைக்கு முன்னாலுள்ள பெட்டியை முழுதாக வெளியே இழுத்தாராம். அதன் பின்சுவரில் 3.5 மில்லிமீற்றர் துளை ஒன்று ஏற்கெனவே பொருத்தப்பட்டிருந்ததாம். முன்னைய உரிமையாளரின் வேலை. பிளேயரைச் செருகிப் பார்த்தால் மேளமும் வயலினும் வருகின்றனவாம், பாடகரைக் காணவில்லையாம்.

ஜூலை 7 ஆம் திகதிக் குறிப்பைப் பாருங்கள். துளையின் அடிக்காலில் ஈயம் விட்டிருக்கும்.

பெப்ரவரி 24

விட்டிருந்ததாம். பாஸ் ஐந்து நிமிடத்தில் பற்றவைத்துக் கொடுத்துப் பணம் வாங்க மறுத்துவிட்டாராம்.